படிவத்தில் இல்லாத சர்க்கரை

எனக்குப் பயம் என்பது பல் விளக்குவது மாதிரி தினசரிக் காரியம். பல்லி விழுந்தால் பயம், மின்விசிறி ஆடினால் பயம், தந்திக்காரர் எங்கள் தெருவில் சைக்கிளை நிறுத்தினால் அது எதிர்வீட்டுக்கே ஆனாலும் பயம். என் கணவர் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆனால் உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒரு நாளில் நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அந்த நாளை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப காலமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. வசதியானவர்கள் குடியிருக்கும் கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவருக்குக் கப்பலூரில் பம்புசெட் பாகங்கள் செய்கிற சின்னக் கம்பெனியில் வேலை. லேத் ஓட்டுகிறவராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவர். சூப்பர்வைசர் ஆனதும் சம்பளம் கூடியது. சம்பளம் கூடியதால், தொழிலாளர்களுக்கென்று இருந்த அரசாங்கக் காப்பீட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அதுவரை தலைவலி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்தக் காப்பீட்டு டிஸ்பென்சரிதான். பதவி உயர்வுக்கு அரைக்கிலோ அல்வா வாங்கி வந்த மனுஷருக்கு இரண்டு மாதம் கழித்து சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. வயது முப்பத்தொன்பது.

அதன் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிதான். சர்க்கரைக்காரர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். விடிகாலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். நானும் கூடவே போவேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடாக்குவார்கள். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் டாக்டர் முகம் மாறும். செங்கல் நிறத்துக்கு வந்தால் திட்டு நிச்சயம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி, மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். காசு கிடையாது. ஊரும் பேரும் வயதும் சொன்னால் போதும்.

கூட்டத்தைச் சொல்லி முடியாது. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், தூக்குச்சட்டியோடு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்கள் என்று நெரிபடும். அங்கே ஸ்ட்ரெச்சர் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனாலும் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தது, அவரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அவருக்கு அந்த இடம் பிடிக்காமல் போனது வேறு காரணத்துக்காக. ஒரு நாள் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர், கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். "வணக்கம் சார், நீங்களும் இங்கிட்டுத்தானா?" என்று வாய் நிறையச் சிரித்திருக்கிறார். அதில் ஒரு குத்தலும் இல்லை. இவருக்குத்தான் சுருக்கென்று தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துத் தொலைத்தேன். அன்று சிரித்திருக்கக் கூடாது.

இந்த நேரத்தில்தான் என் தம்பி வந்தான். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டாக அலைந்துகொண்டிருந்தவன், புதிதாக மருத்துவ இன்சூரன்ஸும் பிடிக்க ஆரம்பித்திருந்தான். வருடத்துக்கு ஒரு தடவை பிரீமியம் கட்டினால் போதும், தனியார் நர்சிங் ஹோமில் படுக்கலாம், செலவை நாம் முதலில் கட்டி ரசீதை அனுப்பினால் பணம் திரும்ப வரும் என்று விளக்கினான்.

"தனி ரூம் மச்சான். குளியலறை உள்ளேயே. நீங்க பாயச் சுருட்டிக்கிட்டு வராண்டாவுல எடம் பிடிக்கிற ஆளா?"

என் கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் ஆசைதான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கே.கே. நகரில் குடியிருந்துகொண்டு நோய்க்கு மட்டும் வரிசையில் நிற்பது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

படிவம் இங்கிலீஷில் இருந்தது. தம்பி ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொல்லி எழுதிக்கொண்டு வந்தான். ஆஸ்துமா உண்டா, இல்லை. இதய நோய் உண்டா, இல்லை. அடுத்ததில் பேனா நின்றது.

"மாப்ள, சக்கரை இருக்குன்னு போட்டா என்ன செய்வாங்க?" என்று அவர் கேட்டார்.

"தள்ளி விட்ருவாங்க மச்சான். இப்பத்தான் ஆரம்பிச்ச திட்டம், ரொம்ப கறாரா இருக்காங்க. சக்கரையெல்லாம் ஒரு வியாதியா? ஊருக்குள்ள பாதிப் பேருக்கு இருக்கு. இல்லைன்னு போட்டுருவோம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதற்கும் கடைசிச் சொல் என்னுடையது. அவர் அப்படித்தான் என்னை வைத்திருந்தார். நான், "போடு" என்றேன். அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான் என்பதால் டாக்டர் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. கையெழுத்து மட்டும் போதுமாக இருந்தது.

போகும்போது தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அக்கா, அந்த ஆஸ்பத்திரி நோட்டு வீட்டுல இருக்க வேணாம். இனிமே மச்சான் அங்க போகவும் வேணாம். ரெஜிஸ்டர்ல பேரு ஏறிக்கிட்டே இருந்தா நாளைக்கு ஒரு வில்லங்கம்."

மறுநாள் காலை அந்த நோட்டை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அட்டை சீக்கிரம் பிடிக்கவில்லை. ஊதி ஊதிப் பற்றவைத்தேன். மூன்று வருடத்து நீலமும் பச்சையும் மஞ்சளும் அதில் இருந்தன.

முதல் மாதத்துக்குள் வருகிற நோய்க்குப் பணம் கிடையாது என்று விதி இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் தும்மினால்கூட நான் காலண்டரைப் பார்ப்பேன். "இப்பத் தும்மாதீங்க, இன்னும் பதினோரு நாள் கெடக்கு" என்று சொல்வேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிடும். மாதம் முடிந்த அன்று பாயசம் வைத்தேன். சர்க்கரைக்காரருக்குப் பாயசம் வைத்த புத்திசாலி நான்.

மாத்திரையைக் கடையில் வாங்கிக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. கொஞ்ச நாள் வாங்கினார். பிறகு ஒரு வாரம் விட்டுப்போனது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்றார். சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. சோதித்தால் எங்காவது எழுதுவார்கள், எழுதினால் பெயர் இருக்கும். நானும் கேட்பதை விட்டேன். காப்பியில் அரைக் கரண்டிச் சீனி திரும்ப வந்தது, பிறகு முழுக் கரண்டியானது. இல்லை என்று எழுதிக் கொடுத்ததை நாங்களே மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்துவிட்டோம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அடுத்த கோடையில் அவர் இளைத்தார். வெயில் என்றேன். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போனார். தண்ணீர் நிறையக் குடிக்கிறார், அதனால்தான் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

ஒரு சனிக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் அவருடைய பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்டு வந்தோம். ஞாயிறு விடியும் முன்பே வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கெல்லாம் மனுஷர் கிழிந்த துணியாகக் கிடந்தார். அடுத்த தெருவில், வீட்டையே மாற்றிக் கட்டிய ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நான் சொன்னபோது முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. முன்பணம் கட்டியதும் ஒரு தனி அறை கொடுத்தாள். வெள்ளை விரிப்பு, ஜன்னலுக்குத் திரை, உள்ளேயே குளியலறை. அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது.

டாக்டர் நல்ல மனிதர். நாடியைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். தாளில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"சுகர், பிரஷர் ஏதாச்சும் உண்டாம்மா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.

"இல்லிங்க டாக்டர்" என்றேன்.

டாக்டர் அதை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லேப் ஆள் வர மாட்டார், மற்ற சோதனைகளை நாளைக்குக் காலையில் செய்யலாம் என்றார். நர்ஸிடம் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கையில் ஊசியைக் குத்தினாள்.

"என்ன சிஸ்டர் இது?"

"குளுக்கோஸ்க்கா. ரொம்பத் தளந்து போயிருக்காருல்ல, தெம்பு வரும்."

"குளுக்கோஸ்னா... சீனியா?"

அவள் சிரித்தாள். "ஆமாக்கா, சீனித் தண்ணிதான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு சொட்டாக இறங்கியது. காப்பியில் ஒரு கரண்டி அதிகம் என்று கடிந்துகொண்ட டாக்டர்களெல்லாம் என் மனதில் வந்து நின்றார்கள். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அந்தத் தாளில் எழுதுவார்கள். அந்தத் தாள் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகும். அறையும் மருந்தும் எல்லாம் எங்கள் தலையில் விழும், போதாததற்குப் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதற்குப் போலீஸ் வருமோ, கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ, தம்பியைப் பிடித்துப் போவார்களோ என்றெல்லாம் நடுங்கினேன். இதை இன்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணிக்குத் தம்பி வந்தான். அவனை வராண்டாவுக்கு இழுத்துப்போய், "டேய், சீனித்தண்ணி ஏத்துறாங்கடா" என்றேன். அவனுக்கும் முகம் வெளுத்தது.

"வாந்திபேதிதானேக்கா. ரெண்டு பாட்டில்ல நின்னுரும். சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். நீ மட்டும் வாயத் தொறந்துறாத. எழுதிட்டா அம்புட்டுத்தான்."

பாலிசியின் நகல் எடுத்து வருகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டான். பின்னால் ஒரு மாதம் கழித்து, அவனே அந்த ஆபீசில் விசாரித்து வந்து ஒரு விஷயம் சொன்னான். சர்க்கரை இருக்கிறது என்று உள்ளபடி எழுதியிருந்தால், சர்க்கரையால் வருகிற செலவைத்தான் தர மாட்டார்களாம். கெட்ட சாப்பாட்டால் வந்த வாந்திபேதிக்குத் தாராளமாகத் தந்திருப்பார்களாம். படிவத்தை ஒழுங்காக வாசிக்காமல் ஊர் முழுக்க இன்சூரன்ஸ் பிடித்த பிள்ளை அவன். வாசிக்கச் சொல்லாமல் "போடு" என்றவள் நான்.

இரண்டாவது பாட்டில் முடிந்தது. மூன்றாவது போட்டார்கள். வாந்தி நின்றுவிட்டது என்று நர்ஸுக்குச் சந்தோஷம். அவரோ தண்ணீர், தண்ணீர் என்றார். சொம்போடு வாங்கிக் குடித்தார். குடித்ததும் இன்னும் கேட்டார்.

மத்தியானம் கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். அவர் படுத்தபடியே சிறுநீர் கழிக்கும் பாத்திரம் அங்கே இருந்தது. சுவர் ஓரத்திலிருந்து அதுவரைக்கும் எறும்பு வரிசை. பாத்திரத்தின் விளிம்பு கறுப்பாக மொய்த்திருந்தது.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும், அதற்கு நீல மருந்து தேவையில்லை. வெளியே நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடிக் கழுவி ஊற்றினேன். ஈரத் துணியால் தரையைத் துடைத்து எறும்பை எல்லாம் வழித்தேன். அவள் உள்ளே வந்தபோது, "தரையில தண்ணி கொட்டிருச்சு சிஸ்டர்" என்றேன். அன்றைக்குச் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யையாவது அவசரத்தில் சொன்னேன். இதை யோசித்துச் செய்தேன்.

மூன்று மணிக்கு மேல் அவர் தண்ணீர் கேட்பதை நிறுத்தினார். தூங்குகிறார் என்று நினைத்தேன். மூச்சு மட்டும் பெரிதாக இருந்தது, மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி. பக்கத்தில் போனால் வாயிலிருந்து அழுகின பழத்தின் வாசனை வந்தது. "என்னங்க" என்றேன். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இல்லை. பதினேழு வருடம் கூட வாழ்ந்தவளை, பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

நான் போட்ட சத்தத்தில் மேல்மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். "சக்கரை இருக்கு, அவருக்குச் சக்கரை இருக்கு, மூணு வருசம் மாத்திரை சாப்பிட்டாரு, நான்தான் சொல்லல, அத நிப்பாட்டுங்க" என்று அலறிக்கொண்டு பாட்டிலைப் பிடுங்கப் போனேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். மூச்சை மோந்து பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவே இல்லை. "மணிக்கொரு தடவை டெஸ்ட் பண்ணி இன்சுலின் போடணும்மா. எங்கிட்ட ஆளும் இல்ல, வசதியும் இல்ல. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. லெட்டர் தாரேன், நிக்காதீங்க" என்றார்.

வாடகைக் காரில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முக்கிலும் மூச்சு நின்றுவிட்டதோ என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். சாமியைக் கும்பிட நினைத்தேன், எந்த முகத்தோடு கும்பிடுவது என்று மனம் வரவில்லை.

அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடத்திய மறு நிமிஷம் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர் வந்து குனிந்தார். கடிதத்தைப் படித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன வருசமா சுகர்? என்ன மாத்திரை? எப்ப நிப்பாட்டுனாங்க?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். நோட்டை எரித்ததையும் எறும்பை வழித்ததையும்கூடச் சொன்னேன். அவர் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டார். பக்கத்து மேஜையில் அதே கண்ணாடிக் குழாய், அதே நீல மருந்து. சூடு ஏறியதுமே செங்கல் நிறம் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் பாட்டிலை மாட்டினார்கள், இன்சுலின் போட்டார்கள். இந்த உண்மையைச் சொன்னதற்கு இங்கே யாரும் எதையும் பிடித்துக்கொள்ளப் போவதில்லை என்று புரிந்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

கட்டில் இல்லை. இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். மணிக்கொரு தடவை யாராவது வந்து குழாயைச் சூடு பண்ணினார்கள். நான் அந்த நிறத்தைப் பார்ப்பதும் மூக்கில் விரலை வைப்பதுமாக இருந்தேன். செங்கல், ஆரஞ்சு, மறுபடியும் செங்கல். என் தம்பி வெளியே தூணோரம் நின்று அழுதான். எனக்கு அவனைத் தேற்றவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவரின் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்காமல் தன் போர்வையில் பாதியை என் மேல் போட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மஞ்சள் வந்தது. சாயங்காலம் அவர் என் பெயரைச் சொன்னார்.

மூன்றாவது நாள் காலை, அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தேன். எதிரே ஒரு நர்ஸ், புதிதாக வந்த ஒருவரிடம் பேரும் வயதும் முன்பு இருந்த வியாதியும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். என் கணவர் அதையே பார்த்தார். எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நர்சிங் ஹோம்ல அந்த டாக்டர் கேட்டப்ப நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை. "நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

கஞ்சிக் கரண்டி அப்படியே நின்றது. திட்டட்டும், கன்னத்தில் ஒன்று வைக்கட்டும், இனி என் முகத்திலேயே விழிக்காதே என்று சொல்லட்டும் என்று குனிந்திருந்தேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"எங்க நீ இருக்குன்னு சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டே படுத்திருந்தேன்" என்றார்.